சுருக்கென்று வரும் வலிக்கு ஆங்கிலத்தில் 'பேங்': எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

முதுகில் திடீரென்று சுருக்கென்று குத்தியது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அகராதியில் 'திடீர் வேதனை' என்று போட்டிருந்த 'பேங்' (pang) என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போய், முதுகில் பேங் என்றேன். "எதில் இடித்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டார்.

அந்த ஒரு வரியில் நான் செய்த தப்பு இரண்டு. முதலில் உச்சரிப்பைப் பார்ப்போம்.

படி 1: இந்தச் சொல் தொடங்குவது பென்சிலில் வரும் 'பி'யில். பலூனில் வரும் 'பி' போட்டால் (bang) 'இடித்துக்கொள்வது' என்று பொருள் மாறிவிடும். நானும் பென்சில் 'பி'தான் போட்டேன், ஆனால் நம் 'படம்' போலச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ஒலியோடு ஒரு மூச்சுக்காற்றும் வெளியே வரும். நம் 'ப'வில் அது வராது. அதனால் அவர்கள் காதுக்கு அது பலூன் 'பி'யாகவே விழுகிறது. ஒரு மெல்லிய காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்; காகிதம் ஆட வேண்டும். எனக்கு அது ஆட ஒரு வாரம் ஆனது. அப்புறம், முடிவில் 'ங்' என்பதோடு நிறுத்துங்கள். 'பேங்க்' என்று இழுத்தால் பணம் போடும் இடத்துக்குப் போய்விடும்.

படி 2: எதற்குச் சொல்வது? பசிக்கு, பெரும்பாலும் பன்மையில்: 'ஹங்கர் பேங்ஸ்'. மனசுக்கு: 'ஐ ஃபெல்ட் எ பேங் ஆஃப் கில்ட்', அதாவது குற்ற உணர்வு சுருக்கென்று தைத்தது. கில்ட் இருக்கும் இடத்தில் ஜெலசி (பொறாமை), ரிக்ரெட் (வருத்தம்) எல்லாம் வரும். 'பர்த் பேங்ஸ்' என்பதை ஒரு புது அமைப்பின் தொடக்ககாலத் திண்டாட்டத்துக்கும் சொல்வார்கள். நிஜப் பிரசவ வலிக்கு 'லேபர் பெயின்ஸ்' என்பதே நல்லது.

படி 3: முதுகிலோ முழங்காலிலோ சுருக்கென்றால் 'ட்விஞ்ச்' (twinge). அங்கே பேங் போட்டதுதான் என் இரண்டாவது தப்பு. பழைய ஆங்கிலத்தில் ட்விஞ்சின் வேர்ச்சொல்லுக்குக் கிள்ளுதல் என்று பொருள். நமக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் பசிக்கு பேங் வந்து உட்கார்ந்துவிட்டது. காரணம் தேடாமல் அப்படியே பழகிக்கொள்ளுங்கள். கத்தியால் குத்துவது போல இருந்தால் 'ஸ்டாபிங்', விண்விண் என்று தெறித்தால் 'த்ராபிங்'. விடாமல் மந்தமாக வலித்தால் அது 'ஏக்'. நோயாளியின் வலி எப்படிப்பட்டது என்று அறிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில் வலியை விவரிக்க 78 சொற்கள் உண்டு. ஸ்டாபிங், த்ராபிங் இரண்டும் அதில் இருக்கின்றன, பேங் இல்லை.

இருமொழி அகராதியை மட்டும் நம்பாதீர்கள். எனக்குப் பிடித்தது கூகுள் என்கிராம் வியூவர். அதில் 'பேங் ஆஃப்' (pang of) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போட்டால், அச்சுப் புத்தகங்களில் அடுத்து அதிகம் வரும் பத்துச் சொற்களைக் காட்டும்.

பின்சேர்க்கை: வினைச்சொல்லாக 'ஐ பேங்டு' எனலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், 'ஃபெல்ட் எ பேங்' என்றே சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களையும் எதில் இடித்துக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள்.