ஜெர்மனியில் ஓபேர்: ஊர் சுற்றுவதிலும் நட்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓபேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, ஜெர்மனிக்குப் போகிறவருக்கு ஊர் சுற்ற நேரம் தாராளமாகவே உண்டு. வாரத்துக்கு 30 மணிநேரம், நாளுக்கு 6 மணிநேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, நான்கு மாலைப்பொழுதுகள் உங்களுடையவை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுசாக லீவு. பன்னிரண்டு மாத ஒப்பந்தம் என்றால் நான்கு வார விடுப்பு. பாக்கெட் மணி மாதம் 280 யூரோ. தங்குமிடம், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் குடும்பத்தின் செலவு. இவ்வளவு இருந்தும் பலருக்கு வார இறுதி தகராறிலோ தண்டச் செலவிலோ முடிகிறது. காரணம், டூரிஸ்ட் மாதிரித் திட்டம் போடுவது. டூரிஸ்டுக்குத் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குக் குழந்தையைக் கிண்டர்கார்டனில் விட வேண்டிய வேலை இல்லை.

டிக்கெட் போட்டுவிட்டு லீவு கேட்பது

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். ஃபிளைட் மலிவாகக் கிடைக்கிறது, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து உடனே புக் செய்கிறார்கள், பிறகுதான் ஹோஸ்ட் அம்மாவிடம் விஷயம் போகிறது. அந்த வாரம் அவருக்கு வெளியூர் மீட்டிங். யார் விட்டுக்கொடுத்தாலும் மனக்கசப்பு மிச்சம்.

ஒன்றரை நாள் ஓய்வு என்பது சனி, ஞாயிறு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. விதி உறுதி தருவது மாதத்தில் ஒரு ஞாயிறுக்கு மட்டுமே. ஆகவே மாதத் தொடக்கத்தில் வீட்டுக் காலண்டரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்: பள்ளி விடுமுறை எப்போது, கிண்டர்கார்டன் மூடும் நாட்கள் எவை, பெற்றோர் இருவரும் ஊரில் இல்லாத நாட்கள் உண்டா. பள்ளி விடுமுறையில் நமக்கும் லீவு என்று நினைத்துக்கொள்வது சகஜம். உண்மையில் அப்போதுதான் குடும்பத்துக்கு நீங்கள் அதிகம் தேவைப்படுவீர்கள். விடுமுறைத் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், பெர்லினில் இருக்கும் தோழியின் லீவை வைத்து பவேரியாவில் திட்டம் போட முடியாது.

குடும்பத்தோடு கடற்கரைக்கோ மலைக்கோ போகும் பயணத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் அது வேலை. உங்கள் நான்கு வாரத்தில் கழிக்கக் கூடாது. முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள்.

ஞாயிறு இரவு கடைசி ரயிலில் திரும்புவது இன்னொரு தவறு. ஜெர்மன் ரயில் தாமதமாகும் என்பதை ஜெர்மானியர்களே சொல்லிச் சிரிப்பார்கள். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் ஏறுங்கள்.

பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது

ஷெங்கன் எனும் ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்குள் எல்லைச் சோதனை கிடையாது என்பதை நம்பி, போனில் இருக்கும் ஸ்கேன் போட்டோவோடு கிளம்புகிறவர்கள் உண்டு. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து வரும் ரயிலிலும் போலீஸ் ஏறும். அசல் பாஸ்போர்ட், கூடவே ரெசிடென்ஸ் கார்டு அல்லது விசா, இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட்டை வைத்து மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். ஆனால் லண்டனுக்கும் டப்ளினுக்கும் இந்த கார்டு செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் தனி விசா எடுக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அப்படித்தான். ஐரோப்பியத் தோழிகள் கிளம்புகிறார்களே என்று கூடவே டிக்கெட் போட்டால் போர்டிங் கேட்டில் நின்றுவிட நேரும்.

விசா முடிந்து கார்டு இன்னும் வராத இடைக்காலத்தில் ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தாள் தருவார்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். எதில் டிக் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வெளியே போய்த் திரும்பி வர முடியுமா என்பது தெரியும். அதைக் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டுக்கொண்டு பிறகு டிக்கெட் போடுங்கள். முடிந்தால் கார்டு வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள், பார்க்க நிறைய இருக்கிறது.

இன்ஷூரன்ஸையும் ஒரு முறை பிரித்துப் படியுங்கள். ஓபேர் பாலிசி வெளிநாட்டில் எத்தனை நாள் செல்லும், மலையேற்றத்தில் அடிபட்டால் தருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாடகைக் கார் எடுக்கிறீர்களா? இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். ஏழாவது மாதத்தில் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்.

ரயிலில் போகும் காசு

நாடு முழுக்க வட்டார ரயிலிலும் நகரப் போக்குவரத்திலும் செல்லும் மாதச் சீட்டுதான் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2026 ஜனவரி முதல் அது மாதம் 63 யூரோ. பாக்கெட் மணி 280இல் அது கிட்டத்தட்ட கால் பங்கு. பல குடும்பங்கள் அதைத் தாங்களே கட்டுகின்றன. ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடுவது நல்லது. RE, RB எனும் வட்டார ரயில்கள், எஸ்-பான் எனும் புறநகர் ரயில், ஊ-பான் எனும் மெட்ரோ, டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ICE, IC எனும் நெடுந்தூர ரயில்கள், தனியார் ஃபிளிக்ஸ் ரயில், ஃபிளிக்ஸ் பஸ் எதிலும் செல்லாது. செல்லாத ரயிலில் ஏறிவிட்டு, நாட்டுக்கே டிக்கெட் வாங்கிவிட்டேன் என்று டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை. ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பில் வட்டார ரயில்களை மட்டும் காட்டும் பட்டனை முதலிலேயே ஆன் செய்து வையுங்கள்.

இந்த டிக்கெட்டால் தூரத்தைப் பற்றிய கணக்கும் தவறிப்போகிறது. மூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ICE சுமார் நான்கு மணிநேரத்தில் போய்விடும். வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுக்கக் கரையும். ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு, இரண்டரை மணிநேரத் தொலைவு போதும். மூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க், ரேகன்ஸ்பர்க், நூரன்பர்க் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும். சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் அந்த ஊர் மெயின் ஸ்டேஷன் வரை இதே டிக்கெட் செல்லும்.

நடுவழியில் பிரியும் ரயில் தெரியுமா? மூனிக்கிலிருந்து டேகர்ன்ஸே ஏரிக்குப் போகும் வண்டி ஒன்றாகவே கிளம்பும். ஹோல்ஸ்கிர்ஷனில் பைரிஷ்ட்செல் போகும் பெட்டிகள் கழன்றுகொள்ளும். ஷாஃப்ட்லாக்கில் லெங்ரீஸ் பெட்டிகள் பிரியும். தவறான பெட்டியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தால் நண்பர்கள் ஏரிக்கரையிலும் நீங்கள் இன்னொரு பள்ளத்தாக்கிலும் போய் இறங்குவீர்கள். பிளாட்பார போர்டில் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று இருக்கும், பெட்டியின் பக்கவாட்டிலும் இருக்கும். ஏறும்போது அதைப் பாருங்கள்.

ஊரிலிருந்து பார்க்க வந்த நண்பர்களுக்கு பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒரு நாள் டிக்கெட், எடுக்கலாம். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், ஆனால் எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும். வார நாட்களில் காலை 9 மணிக்கு முன்பு செல்லாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. சூப்பர் ஸ்பார்பிரைஸ் எனும் மலிவு விலை ரயில் டிக்கெட் வாங்கினால் அது குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும். நீங்கள் தாமதமாக வந்து அடுத்த ரயிலில் ஏறினால் அது வெறும் காகிதம்.

நேரம் குறித்த டிக்கெட்

நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். உள்ளே போக கைடு கூட்டிப்போகும் சுற்று மட்டும்தான். டிக்கெட்டில் நிமிடம் வரை நேரம் அச்சாகியிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் பணமும் போச்சு. மூனிக்கிலிருந்து ஃப்யூசனுக்கு ரயில் இரண்டு மணிநேரம், அங்கிருந்து ஹோஹன்ஷ்வாங்காவ் கிராமத்துக்கு பஸ், கிராமத்திலிருந்து கோட்டை வாசலுக்கு ஏற்றத்தில் 40 நிமிட நடை. குதிரை வண்டி வாசல் வரை போகாது. பயர்ன் டிக்கெட்டில் வார நாளில் ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பினால் மதியம் ஒன்றரைக்கு முந்தைய நேரத்தை எடுக்கவே வேண்டாம். நண்பர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பிவிடலாம். உள்ளே போட்டோ எடுக்க அனுமதியில்லை. பெரிய பையும் கூடாது.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீடு எனும் அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டுகள் ஆன்லைனில் திறக்கும். பெர்லினில் பாராளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கின் குவிமாடம் இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும்.

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் வேறு மாதிரித் தவறு: இலவசமாகப் போக வேண்டியவர்கள் முழுக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஜெர்மனியும் இதில் சேரும்) வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பார்ப்பதில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ரெசிடென்ஸ் கார்டைக் காட்ட வேண்டும், இலவச டிக்கெட்டுக்கும் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருக்கும். மூனிக்கின் பினகோதேக் ஓவியக் காட்சியகங்களில் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் 1 யூரோ.

மலிவு ஃபிளைட் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறது என்று மேப்பில் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்.

நண்பர்கள்

முதல் மாதத்தில் நம் மொழி பேசுகிறவர்களைத் தேடிப் பிடிப்பது இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறாவது மாதத்திலும் அவர்கள் மட்டுமே இருந்தால்தான் ஜெர்மன் நாக்கில் ஏறாது. குடும்பம் மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ தர வேண்டும். அந்த வகுப்பை மாலையில் போடாமல் காலையில் போட்டால் மற்ற ஓபேர்களைச் சந்திக்கலாம், மாலையும் மிஞ்சும். ஊர் விளையாட்டுச் சங்கத்தில் வாலிபாலோ பாடகர் குழுவோ சேருங்கள். ஜெர்மானியர்கள் ஒரு முறை காபி சாப்பிட்டால் நண்பராகிவிடுவதில்லை. வாரா வாரம் ஒரே இடத்தில் பார்த்த முகத்தோடு மெல்ல நெருங்குவார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துச் சொன்னால் தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், காலண்டரில் எழுதிவிட்டால் வந்துவிடுவார்கள்.

ஹோட்டலில் பில் சேர்த்தா, தனித்தனியா என்று சர்வர் கேட்பார். தனித்தனி என்பதுதான் வழக்கம். நம் ஊர்போல ஒருவர் பாய்ந்து கட்டினால் மற்றவர்களுக்குச் சங்கடம். பிறந்தநாளுக்கு முன்னதாகவே வாழ்த்தாதீர்கள், அபசகுனம் என்பார்கள்.

வேலை நேரத்தில் பூங்காவில் தோழியைச் சந்திப்பது பற்றி ஹோஸ்ட் குடும்பத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு ஓபேர்கள் பெஞ்சில் பேசிக்கொண்டிருக்க, குழந்தை சறுக்கு மரத்தின் உச்சியில் நிற்கும் காட்சியை அக்கம்பக்கத்தார் யாராவது பார்த்திருப்பார்கள். குழந்தைகளின் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஓபேர் வாட்ஸ்அப் குரூப்பில் ஹோஸ்ட் குடும்பத்தைத் திட்டித் தீர்ப்பதும் ஆபத்து. சின்ன ஊரில் அந்த ஸ்கிரீன்ஷாட் வீட்டுக்கே வந்து சேரும்.

நண்பரை இரவு தங்க வைக்கிறீர்கள் என்றால் கேட்காமல் வேண்டாம். இரவு பத்துக்கு மேல் அமைதி நேரம். வீட்டுச் சாவி முழுக் கட்டடத்துக்குமான பூட்டுத் தொகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். தொலைந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு வரும். லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் (நாம் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது) சாவி இழப்பையும் ஏற்குமா என்று பாருங்கள், பார்ட்டிக்குப் போகும்போது சாவியைக் கோட்டுப் பையில் போடாதீர்கள்.

தோழியின் ஹோஸ்ட் குடும்பம் ஒரு சனிக்கிழமை குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் காசு தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். ஓபேர் அனுமதியில் வேறு சம்பள வேலை இல்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு மாதம் ஐரோப்பா சுற்றலாம் என்று பெரிய பயணத்தைக் கடைசிக்குத் தள்ளி வைப்பதும் தவறு. பெர்மிட் அதிகபட்சம் ஒரு வருடம், நீட்டிக்க முடியாது. இன்ஷூரன்ஸும் அதோடு நிற்கும். அந்தப் பயணத்தை நான்கு வார விடுப்புக்குள் கொண்டு வாருங்கள். கிளம்பும் மாதம் 10ஆம் தேதிக்குள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். தவறினால் அடுத்த மாதக் காசும் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும்.