கதவைத் திறந்தால் மறுபடியும் அதே அறை: போனிலேயே எடுக்கும் முறை

அடைபட்ட மனிதனைப் பற்றிச் சோதனைப் படம் எடுக்கப் பெரிய செட் தேவையில்லை. ஜிம் ஹென்சன் 1969இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு எடுத்த 'தி கியூப்' படத்தின் களமே ஒரு வெள்ளை அறைதான். யார் யாரோ வந்து போகிறார்கள், நாயகனால் மட்டும் வெளியேற முடியவில்லை. நாம் எடுக்கப்போவது ஒரே ஒரு காட்சி: ஒருவன் கதவைத் திறந்து வெளியேறுகிறான், போய் நிற்பது அதே அறையில்.

1. ஜன்னலை முழுசாக மறையுங்கள். பகலா இரவா என்று பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. கதவுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டுங்கள், வாசலை ஒட்டி இல்லாமல் நாலு அடி தள்ளி. ஒட்டிக் கட்டினால் அறை விளக்கு பட்டு, துணி துணியாகவே தெரியும்.

2. போனில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி. 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃப்ரேம், 1/60. இல்லாவிட்டால் சில விளக்குகளில் பட்டை ஓடும். கிம்பல் (கேமராவை ஆடாமல் மிதக்கவிடும் கைப்பிடி) வேண்டவே வேண்டாம். சிறைக்குள் கேமரா மிதந்தால் சிறை என்ற உணர்வே போய்விடும். ட்ரைபாட் போதும்.

3. முதல் ஷாட்: அவன் முதுகுப் பக்கமிருந்து. கதவை இழுத்துத் திறந்து இருட்டுக்குள் கால் வைக்கிறான். இரண்டாவது: அதே அறைக்குள்ளிருந்து, அவன் நம்மை நோக்கி வருகிறான். கால் அந்தரத்தில் இருக்கும்போது வெட்டுங்கள். சோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் 1943இல் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' படத்தில் ஒவ்வோர் அடியையும் வேறு வேறு தரையில் வைத்தாரே, அதே சூத்திரம்தான்.

4. எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். இந்தப் பக்கமிருந்து இடப்புறம் தெரியும் கீல், மறுபக்கமிருந்து பார்த்தால் வலப்புறம் தெரிய வேண்டும். நாம் எடுப்பதோ இரண்டுமே ஒரே பக்கம். அதனால் எடிட்டிங்கில் இரண்டாவது ஷாட்டை இடவலமாகத் திருப்புங்கள். கீல் சரியாகிவிடும். போனஸாக, கட்டிலும் மேசையும் பக்கம் மாறி நிற்கும். அதே அறைதான், ஆனால் ஏதோ சரியில்லை என்று மனசு உறுத்தும்.

ஆனால் திருப்பினால் எல்லாமே திரும்பும். எழுத்துள்ள பொருள், சுவர்க் கடிகாரம், பை வைத்த சட்டை வேண்டாம். முதல் ஷாட்டில் வலது கால் வாசலைத் தாண்டினால், இரண்டாவதில் நடிகர் இடது காலை வைத்து வர வேண்டும். ஒத்திகையில் எல்லாரும் குழம்புவார்கள், பரவாயில்லை.

5. ஆள் இல்லாத அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து, வெட்டுக்கு அடியில் விடாமல் ஓடவிடுங்கள். படம் தாவினாலும் காது தாவாது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பையே சொல்வேன்.

பின்சேர்க்கை: "இரண்டாவது ஷாட்டில் கதவுப் பலகை அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே?" என்று கேட்டிருந்தார்கள். சரியான கேள்வி. அவன் இழுத்துத் திறந்த பலகை அவனுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் அந்த அடி முடிந்ததும் முகத்துக்கு நெருக்கமான ஷாட்டுக்குப் போய், கதவு சாத்தும் ஒலியை மட்டும் சேருங்கள். அப்புறம் அகலமான ஷாட்டில் மூடிய கதவைக் காட்டினால் போதும். அந்த ஷாட்டையும் திருப்ப மறக்காதீர்கள்.