நிழல் திரும்பும் நாளைப் பிடிப்பது எப்படி?

ஆண்டின் மிக நீண்ட இரவைக் கொண்டாடுவதற்கு முன், அது வருவதைக் கண்ணால் பாருங்கள். வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22, தெற்கே ஜூனில். உச்சிப்பொழுது நிழல் நீள்வது நின்று, குறையத் திரும்பும் இந்த நாள்தான் திருப்பம். நான் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 1ஆம் தேதியே குச்சியை எடுத்துவிடுவேன்.

ஒரு மீட்டர் குச்சியைச் சமதளத்தில் அசையாமல் நிறுத்துங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று தினமும் சரிபாருங்கள். முதல் வருடம் நான் இதை விட்டுவிட்டேன். குச்சி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, இரண்டு வார உழைப்பும் வீணாயிற்று.

உச்சிப்பொழுது என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல, அன்றைக்கு நிழல் மிகக் குறுகும் நேரம். பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து மறுபடி நீளும். குச்சிக்கு மிக அருகில் உள்ள புள்ளிதான் நமக்கு வேண்டியது.

குனிந்து பார்த்தால் நுனி மங்கலாக இருக்கும். சூரியன் வட்டமாக இருப்பதால் நிழலின் ஓரம் கூர்மையாக விழாது. 13ஆம் நூற்றாண்டுச் சீன வானியலாளர் குவோ ஷோஜிங் இதற்கு ஊசித்துளை போட்ட தகட்டைப் பயன்படுத்தினார். நாமும் உள்ளங்கை அளவு அட்டையில் சிறு துளையிட்டு, அட்டை சூரியனை நோக்கி இருக்கும்படி குச்சியின் உச்சியில் ஒட்டலாம். அட்டையின் நிழலுக்குள் காசு அளவில் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது சூரியனேதான்! அதன் நடுவில் புள்ளி வையுங்கள்.

நிலநடுக்கோட்டுக்கு 40 பாகை வடக்கே உள்ள ஊர் என்றால், பகல் மிக நீளும் ஜூன் திருப்பத்தில் 30 செ.மீ. இருக்கும் நிழல், டிசம்பரில் சுமார் இரண்டு மீட்டர் ஆகும். ஆனால் திருப்பம் முடிந்து பத்து நாள் ஆனாலும் மூன்று செ.மீ. சொச்சம்தான் குறையும். அதனால் மிக நீண்ட நிழலைத் தேடாதீர்கள். டிசம்பர் 1ஆம் தேதிப் புள்ளியை அழியாமல் காப்பாற்றுங்கள். ஜனவரியில் நிழல் எந்த நாளில் அதே இடத்துக்கு வருகிறதோ, அந்த இரண்டு நாட்களுக்கும் நடு நாள்தான் திருப்பம். 5ஆம் நூற்றாண்டில் சீன வானியலாளர் ட்ஸூ சோங்ஷியும் இப்படித்தான் முன்னும் பின்னும் அளந்து கணக்கிட்டார்.

கொண்டாட்டம் ஜனவரிவரை காத்திருக்க வேண்டாம். நிழல் நகராமல் நிற்கத் தொடங்கியதுமே இரவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். சீனாவில் தாங்யுவான் என்னும் அரிசிமாவு உருண்டைகள், ஜப்பானில் யூசு என்னும் எலுமிச்சை வகைப் பழங்கள் மிதக்கும் வெந்நீர்க் குளியல் என வழக்கங்கள் பல. எல்லாவற்றையும் ஒரே இரவில் அடுக்காமல் ஒன்றை நிறைவாகச் செய்வதே நல்லது. எனக்குப் பிடித்தது ஈரானியர்களின் யல்டா. குடும்பத்தில் மூத்தவர் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். மாதுளை, தர்பூசணி, கொட்டைப் பருப்புகளோடு விழித்திருப்பார்கள். ஒருவர் எதையாவது மனத்தில் நினைத்துக்கொண்டு பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பைத் திறப்பார். வந்த கவிதையைச் சத்தமாக வாசிப்பார்கள்.

விடியும்வரை உட்காருங்கள். அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் 5,000 ஆண்டுகளுக்கும் முன்பு எழுப்பிய கல்லறைக்குள், இந்த நாட்களின் காலை வெளிச்சம் 19 மீட்டர் நடைவழியைக் கடந்து உள்ளறைவரை போகிறது. அதே சூரியனைக் கிழக்கே பார்த்துவிட்டு அப்புறம் தூங்கப் போங்கள். உச்சிப்பொழுதுக்குள் எழுந்துவிட வேண்டும், அன்றைய புள்ளி பாக்கி இருக்கிறது.