நீண்ட ஓட்டத்துக்கு எவ்வளவு தண்ணீர்? வீட்டிலேயே வியர்வையை அளப்பது எப்படி

புதிதாக ஓட வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை "நல்லா தண்ணி குடிங்க". எவ்வளவு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். சென்னை வெயிலில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் எனக்கு மதியம் வரை தலைவலி இருக்கும். என் வியர்வையை அளந்து, அதற்கேற்றபடி குடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது விட்டது.

ஒரு மணி நேரம் விடாமல் ஓட முடிகிறவர் யாரும் இதைச் செய்யலாம். 100 கிராம் வித்தியாசத்தைக் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் வேண்டும். முள் மெஷின் இதற்கு உதவாது. அதை டைல்ஸ் தரையில் வையுங்கள், மிதியடி மேல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு எடை காட்டும்.

காலையில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, உடையில்லாமல் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் அளந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு, வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். வந்ததும் மறுபடி எடை.

பலருக்குக் கணக்கு தப்புவது இந்த இரண்டாவது எடையில்தான். மாடி ஏறி வந்த களைப்பில் டீஷர்ட்டோடு அப்படியே மெஷினில் ஏறி நிற்பார்கள். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது, துணியில்தான் ஊறி நிற்கும். கழற்றி வாளியில் பிழிந்து பாருங்கள், சொட்டுச் சொட்டாக இல்லை, தாரையாகவே ஊற்றும். அந்த ஈரமெல்லாம் உடம்பை விட்டுப் போன தண்ணீர், ஆனால் மெஷின் அதையும் உங்கள் எடையில் சேர்த்துவிடும். அதனால் ஷூ, சாக்ஸ், உடை எல்லாவற்றையும் கழற்றி, தலைமுடி, கழுத்து, முதுகு என்று துண்டால் நன்றாகத் துடைத்த பிறகு ஏறுங்கள். அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், குளிக்கவும் வேண்டாம்.

இப்போது கணக்கு. குறைந்த எடையோடு வழியில் குடித்த தண்ணீரைக் கூட்டினால் வியர்வை. ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 62.0 கிலோவில் கிளம்பியவர் 61.1 கிலோவில் திரும்புகிறார், நடுவில் 300 மில்லி குடித்தார் என்றால், மணிக்கு 1.2 லிட்டர் வியர்த்திருக்கிறது. அதே ஆள் அரை மாரத்தானை, அதாவது 21 கிலோமீட்டரை, இரண்டேகால் மணி நேரத்தில் ஓடினால் 2.7 லிட்டர் போகும். அத்தனையையும் குடித்து ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்ல அளவு. இவருக்கு அது சுமார் 1.2 லிட்டர், ஆகவே ஓடும்போது ஒன்றரை லிட்டர் போதும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை 160 மில்லி, சின்ன டம்ளர் அளவு.

ஓடிய பிறகு எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள் என்று பொருள், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் அதிகமானால் ரத்தத்தில் உள்ள உப்பு, அதாவது சோடியம், நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ரொம்பக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

தண்ணீரைக் கொண்டுபோக என் ஓட்டு எப்போதும் அரை லிட்டர் மென்பாட்டிலுக்குத்தான், அதாவது குடிக்கக் குடிக்கச் சுருங்கும் வகை. காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு மூடினால் தண்ணீர் குலுங்காது. இடுப்பு பெல்ட்டில் கெட்டி பாட்டில் வைத்தால் துள்ளிக்கொண்டே இருக்கும், பத்தாவது கிலோமீட்டரில் இடுப்புத் தோல் உரிந்துவிடும். மென்பாட்டிலில் வாடை பிடிப்பது ஒன்றுதான் தொல்லை. கழுவிய பிறகு ஃப்ரீசரில் போட்டுவையுங்கள்.

பிறகு சேர்த்தது: நடுவில் சிறுநீர் கழித்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அன்றைய அளவை விட்டுவிட்டு இன்னொரு நாள் பாருங்கள், அதுதான் சுலபம். ஏசி ஜிம்மில் டிரெட்மில்லில் அளந்த எண் கடற்கரைச் சாலைக்கு உதவாது. மார்கழியில் அளந்ததை வைத்துக்கொண்டு அக்னி நட்சத்திரத்தில் ஓடவும் கூடாது, இரண்டு பருவத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இன்னொன்று, ஓஆர்எஸ், அதாவது வியர்வையில் போன உப்பை ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. சிலர் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக அரை லிட்டர் பாட்டிலில் கொட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. அப்படிச் செய்யாதீர்கள், கரைசல் இரட்டிப்பாகக் கெட்டியாகி வயிற்றைப் புரட்டும். வீட்டில் ஒரு லிட்டராகக் கரைத்துவிட்டு, அதிலிருந்து பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.