குழந்தையைப் பார்க்கும் உரிமை: குறையுள்ள பன்னாட்டுச் சட்டத்தை மாற்றக் கோருவது எப்படி

கீழக்கரையிலும் தொண்டியிலும் பாம்பனிலும், வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ பிழைக்கப் போனவர் இல்லாத தெரு அரிது. போன இடத்தில் மணவாழ்க்கை முறிந்து, குழந்தை இங்கே பாட்டி வீட்டில் வளரும்போது, நம் வழக்கை நடத்துவது ஒரு வேலை, சட்டத்தை மாற்றச் சொல்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

முதலில் வழக்கு. வெளிநாட்டு மணமுறிவுத் தீர்ப்பு தபாலில் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். மோசடியாகவோ இயற்கை நீதிக்கு மாறாகவோ பெற்ற தீர்ப்பை உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு ஏற்பதில்லை. தம்பதியர் மணந்த சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்தின் மேல்தான் மணமுறிவு அமைய வேண்டும் என்று 1991-இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொது விதி வகுத்தது. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே குழந்தையின் பொறுப்பைக் கோரி 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மனுச் செய்யலாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

சந்திப்பு உரிமையைக் கேட்கும்போது நேரத்தை இந்திய நேரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாம்பனிலிருந்து ஒரு தாய் கொண்டுவந்த உத்தரவில், தந்தை இரவு எட்டு மணிக்குக் காணொளியில் பேசலாம் என்று மட்டுமே இருந்தது. துபாயில் எட்டு என்றால் இங்கே ஒன்பதரை. அதற்குள் பிள்ளை தாயின் மடியிலேயே உறங்கிவிடும், அங்கே தந்தையோ வேண்டுமென்றே மறைக்கிறாள் என்று மனம் கொதித்திருப்பார். பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை என்றும், தொலைவில் இருப்பவர் காணொளியிலாவது பேச வழிசெய்ய வேண்டும் என்றும் 2020-இல் யாஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை மனுவில் சேருங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பெற்றோரில் ஒருவர் நாடு கடந்து தவறாகக் கொண்டுசென்ற குழந்தையைத் திருப்பி அனுப்புவது பற்றியது 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. அதில் இலங்கை 2001-இலேயே சேர்ந்துவிட்டது, இந்தியா சேரவில்லை. நாம் சேராத ஒன்றை ரத்து செய்யக் கோருவதில் பொருளில்லை. அது இப்போதுள்ள வடிவிலேயே நம் சட்டமாகிவிடக் கூடாது என்று கோரலாம். தவறாகக் கொண்டுவரப்பட்ட குழந்தையை, ஓராண்டுக்குள் விண்ணப்பம் வந்தால் உடனே திருப்பி அனுப்பச் சொல்கிறது 12-ஆவது உறுப்பு. கடும் ஆபத்து இருந்தால் 13-ஆவது உறுப்பின்படி மறுக்கலாம், ஆனால் மெய்ப்பிக்கும் சுமை எதிர்ப்பவர் மேல். அடிபட்டு இரவோடு இரவாக விமானம் ஏறிய பெண், அந்நிய ஊர் மருத்துவமனைச் சீட்டை எங்கே தேடுவாள்? சந்திப்பு உரிமை பற்றிய 21-ஆவது உறுப்போ, திருப்பி அனுப்பும் விதிக்கு இருக்கும் வலுவில் ஒரு பங்கும் இல்லாதது. எனக்கு இதுவே பெரிய குறையாகப் படுகிறது.

ஆகவே, 2016-இல் சட்ட ஆணையம் தன் 263-ஆவது அறிக்கையில் இந்த உடன்படிக்கையை ஒட்டித் தந்த வரைவு மசோதாவைப் படித்து, வன்முறைக்குத் தப்பிவந்தவர்மீது உள்ள மெய்ப்பிக்கும் சுமையைக் குறைக்கவும் சந்திப்புக்குத் தனி அத்தியாயம் சேர்க்கவும் கோரி மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு எழுதுங்கள். தமிழில் எழுதினால், நீங்கள் கையொப்பமிட்ட ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். நீதிமன்றத்துக்குரிய விவகாரத்தைக் குழு ஏற்காது என்பதால், அந்த மனுவில் உங்கள் குழந்தையின் பெயரோ வழக்கு எண்ணோ வரவே கூடாது.