போஸ்டர் கலரும் கறுப்பு இங்க்கும்: கழுவும்போது படம் கெடுவது ஏன்?

கெட்டித் தாளில் போஸ்டர் கலரால் தீட்டி, காய்ந்தபின் மேலே முழுக்கக் கறுப்பு இங்க் பூசி, அதுவும் காய்ந்ததும் கழுவினால் மர அச்சில் எடுத்ததுபோல் சொரசொரப்பான படம் கிடைக்கும். கலர் தண்ணீரில் கரைய வேண்டும், இங்க் கரையக் கூடாது, சூட்சுமம் இவ்வளவுதான். வெறும் தாளில் ஊறிய இங்க் நிலைத்துவிடும். கலரின்மேல் படிந்தது, அடியில் கலர் இளகியதும் அதோடு உரிந்துவிடும்.

அதனால் அக்ரிலிக் ஆகாது. காய்ந்த அக்ரிலிக் இளகவே இளகாது, தாள் முழுக்கக் கறுப்பாகவே நிற்கும். போஸ்டர் கலர் அல்லது கோவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும், தண்ணீரில் கரையும் கலர்) எடுங்கள். ஃபவுண்டன் பேனா இங்க்கும் வேண்டாம்; பெரும்பாலும் அது கரைந்து ஓடி, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தையும் கறைப்படுத்தும். புட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்ட இந்தியன் இங்க் வேண்டும். சந்தேகமிருந்தால் இரண்டையும் துண்டுத் தாளில் தடவி, காய்ந்தபின் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கலர் விரலில் ஒட்ட வேண்டும், இங்க் ஒட்டக் கூடாது.

தாள் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். சார்ட் பேப்பர் கழுவும்போதே கிழியும்.

எங்கே தீட்டுவது என்பதிலும் குழப்பம் வரும். கலர் பட்ட இடம் வெளுப்பாகும், விட்ட இடம் கறுப்பாகும். கறுப்புக் கோடு வேண்டிய இடத்தில் 3 மி.மீ. அளவாவது வெறுமையாக விடுங்கள். கலர் தோசை மாவுப் பதத்தில் இருக்கட்டும். நீர்த்துப் போனால் இங்க் அதைத் தாண்டித் தாளில் இறங்கிவிடும். அப்பிவிட்டால் காயும்போது வெடித்து, வெடிப்புகளில் கறுப்பு இழைகள் ஓடும். அடர் நிறங்கள் கழுவியபின் அப்படியே நிற்காது, சாயல்தான் மிஞ்சும். வெள்ளையில் மட்டும் தீட்டிவிட்டு, முடிவில் வாட்டர்கலரால் நிறம் கொடுப்பது நல்லது, இங்க் கலையாது.

அதிகம் சொதப்புவது இங்க் பூசும்போதுதான். கலர் ஓர் இரவாவது காயட்டும். புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிகிறதா, உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இங்க்கில் தண்ணீர் கலக்காதீர்கள். இரண்டு அங்குல மென்மையான பிரஷ்ஷை நிறைய நனைத்து, ஒரே இழுப்பாகப் பூசுங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பப் போகவே கூடாது. இங்க்கில் உள்ள ஈரமே கலரை இளக்கத் தொடங்கியிருக்கும். மறுபடி தேய்த்தால் இரண்டும் குழைந்து சாம்பல் நிறச் சேறாகி, விட்ட இடைவெளிகளை அடைத்துவிடும். எங்காவது இங்க் தேங்கினால் பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுங்கள். தேங்கிக் காய்ந்த படலத்துக்குள் தண்ணீர் லேசில் இறங்காது.

சில மணி நேரம் தானாகக் காய விடுங்கள். கழுவும்போது அடியில் பலகை வைத்து, குழாயை மெல்லத் திறந்து, தண்ணீர் ஊற ஒரு நிமிடம் கொடுங்கள். பிறகு ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் கறுப்பு செதில் செதிலாக வரும். வேகமாகப் பீய்ச்சினால் ஈரத் தாளின் மேற்பரப்பே பிய்ந்து போகும்.

எல்லாக் கறுப்பும் போகும்வரை தேய்க்கத் தோன்றும், தேய்க்காதீர்கள். வெளுத்த பரப்பில் தங்கும் புள்ளிகளும் கீறல்களும்தான் இந்தப் படத்தின் அழகே. போதவில்லை என்றால் காய்ந்தபின் மறுபடி நனைத்து எடுக்கலாம். போன கறுப்பு திரும்பி வராது.

படத்தைச் சமதளத்தில் காய வையுங்கள். இங்க் பிரஷ்ஷை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இங்க்கில் அரக்கு கலந்திருந்தால், காய்ந்த பிரஷ் விறைத்துப் போய்விடும்.