டெஃப்லான் துணியும் ஸ்டீல் டிஸ்கும்: தேய்மான டெஸ்ட்டில் தவிர்க்க வேண்டியவை

விமான பேரிங்குகளின் உள்ளே ஒட்டும் டெஃப்லான்–நோமெக்ஸ் (வெப்பம் தாங்கும் ஒரு நார்) துணியை, 52100 என்கிற பேரிங் ஸ்டீல் டிஸ்க் மீது உரசவிட்டுத் தேய்மானம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், அந்த வயதில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை அச்சு அசலாகச் செய்கிறார்கள். விசையை அளக்கும் லோட் செல்லைப் பூஜ்ஜியமாக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நடுவில் டிஸ்கைத் துடைப்பது

ஓட்டுவதற்கு முன் அசிட்டோன் சரி. பாதியில் நிறுத்தி எடை பார்க்கும்போது வேண்டாம். ஸ்டீலில் படிந்த டெஃப்லான் படலம் போய், ஆரம்பகட்டத் தேய்மானம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

எக்ஸ்பிஎஸ்ஸில் முதல் வேலையாக அயனியால் சுரண்டுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். எக்ஸ்பிஎஸ் என்பது பரப்பில் எக்ஸ்-ரே பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து எந்தத் தனிமம் எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் முறை. சுரண்டுவது என்றால் ஆர்கான் அயனிகளை மோதவிட்டு மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. உரசும்போது டெஃப்லான் சங்கிலிகள் அறுபடும். அறுந்த முனைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து கார்பாக்சிலிக் முனைகளாகி, ஸ்டீலின் ஆக்சைடைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஃப்ளூரின் இரும்போடு சேரவும் கூடும். அதைத் தேடித்தான் எக்ஸ்பிஎஸ்: டெஃப்லானில் உள்ள ஃப்ளூரின் 689 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் தெரியும், உலோகத்தோடு சேர்ந்தது 685 பக்கம்.

ஒரு மாணவர் 685 பீக்கோடு (ஸ்பெக்ட்ரத்தில் அங்கே எழும் முகடு) ஓடி வந்தார். சுரண்டச் சுரண்ட அது வளர்கிறதாம். ஆழத்தில் வினை அதிகம் என்று படமும் போட்டாயிற்று. சுரண்டாத பரப்பின் ஸ்பெக்ட்ரம் எங்கே என்றேன். எடுக்கவில்லை. சரி, டிஸ்க்? அடுத்த டெஸ்ட்டுக்காக பாலிஷ் போட்டுவிட்டார்.

ஆர்கான் அயனியே டெஃப்லானிலிருந்து ஃப்ளூரினைப் பிய்த்து இரும்புக்குள் தள்ளும். நோயாளியை அடித்துவிட்டு காயத்தை எண்ணுகிற கதை. இரும்பின் பீக்கைப் பார்த்து முடிவு செய்யலாமென்றால், ஃப்ளூரைடும் ஆக்சைடும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழும். அதனால் சுரண்டாத பரப்பை முதலில் எடுங்கள், அதிலும் ஃப்ளூரினை முதலில். எக்ஸ்-ரே கூட டெஃப்லானைச் சிதைக்கும். கடைசியில் ஃப்ளூரினை இன்னொரு தரம் எடுத்து ஒப்பிடுங்கள். அப்புறம், ஓட்டாத டிஸ்கில் டெஃப்லானை லேசாகப் பூசி, அதையும் அதே அளவு சுரண்டிப் பாருங்கள். அங்கேயும் 685 வந்தால் அது மெஷின் செய்த வேதியியல். ஆய்வு முடியும்வரை டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

எடையை மட்டும் நம்புவது

நோமெக்ஸ் காற்றிலிருந்து சுமார் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஈரம் குடிக்கும். உங்கள் தேய்மானமோ சில மில்லிகிராம். தேய்ந்த துணி எடை கூடி வந்த அதிசயமும் நடந்திருக்கிறது. ஆழத்தை அளக்கலாம், ஆனால் பளுவில் துணி அமுங்குவதும் அதில் சேர்ந்துவிடும். பளுவை வைத்துக் கொஞ்ச நேரம் அமுங்க விட்டு, அங்கிருந்து கணக்கை ஆரம்பியுங்கள்.

எந்தப் பக்கம் மேலே?

டெஃப்லான் அதிகம் தெரிகிற பக்கம். நோமெக்ஸ் பக்கம் ரெசின் பசையோடு ஒட்டுவதற்கு.

ஈரப்பதம்

குறித்து வையுங்கள்.

பளுவையும் வேகத்தையும் பெருக்கி ஒரே எண்ணாகச் சொல்வது

பெருக்குத்தொகை ஒன்றாக இருந்தாலும், அதிக பளுவில் மெதுவாக ஓட்டியதும் குறைந்த பளுவில் வேகமாக ஓட்டியதும் ஒன்றல்ல. முன்னதில் துணி நசுங்கும், பின்னதில் உரசுகிற புள்ளிகள் சுடும். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.